பாடம் 9: ‘இஃப்’ முன்னே, ‘ஆல்’ பின்னே

கற்றல் நோக்கங்கள்

• ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் சொல்லோடு பெயரடையும் ‘டு’ சேர்ந்த வினையும் வரும் தொடர்களைத் தமிழின் இயல்பு கெடாமல் எழுதுதல்.
• ‘ஆல்’, ‘ஆலும்’, ‘ஆவிட்டால்’ ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை உணர்தல்.
• நிபந்தனைத் தொடர்களைப் பெரியவர்களிடம் பணிவாகப் பயன்படுத்துதல்.

நுழையும் முன்

‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று சொல்லாத மொழி இல்லை. மழை பெய்தால் குடை வேண்டும். பசித்தால் உணவு வேண்டும். நேரம் தவறினால் பேருந்து போய்விடும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்பதை நிபந்தனை என்கிறோம். ஆனால், நிபந்தனையைச் சொல்லும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். வீட்டில் தமிழும், வகுப்பில் ஆங்கிலமும், விளையாட்டுத் திடலில் இந்தியும் பேசும் மாணவர், ஒரு மொழியின் அடுக்கை மற்றொரு மொழியில் அப்படியே வைத்துவிடுவது உண்டு. சில வேளைகளில் அதனால் சொற்றொடர் மட்டுமே அழகு குறையும். சில வேளைகளில் பொருளே மாறிவிடும். பின்வரும் பகுதியைப் படித்து, எந்தெந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று காண்க.

படிப்போம்: மருந்துச் சீட்டு

தில்லியின் ஜனவரிக் குளிர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டிக்குப் புதிது. வந்த நான்காம் நாள் இருமல் தொடங்கியது. ஆறாம் நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த மருத்துவரிடம் அம்மா அவரை அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்துகளை எழுதி, அவற்றின் கீழே ஆங்கிலத்தில் ஐந்து வரிகளையும் குறித்துக் கொடுத்தார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் அலுவலகம் செல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தியே பாட்டிக்குத் துணை. பாட்டிக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது.

“அந்தச் சீட்டில் இருப்பதைத் தமிழில் எழுதிக் கட்டிலின் பக்கத்தில் ஒட்டிவிடு, கண்ணு. அடிக்கடி உன்னைக் கேட்காமல் நானே பார்த்துக்கொள்வேன்” என்றார் பாட்டி.

பேத்தி ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினாள்.

1. சாப்பிட முடிகிறவராக இருந்தால், உணவுக்குப் பின் மாத்திரை.
2. நடக்க மிகவும் சோர்வாக இருந்தால், தனியே விடக் கூடாது.
3. நலமாக இருந்தால், ஐந்து நாள் மாத்திரையைத் தொடர வேண்டும்.
4. மூச்சு விடக் கடினமாக இருந்தால், உடனே வர வேண்டும்.
5. தேவையாக இருந்தால், ஆவி பிடிக்கலாம்.

பாட்டி கண்ணாடியை அணிந்துகொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாம் வரியில் அவர் விரல் நின்றது.

“நடக்கச் சோர்வாக இருந்தால் என்றால் என்ன, கண்ணு? நடக்க மனம் இல்லாவிட்டாலா, கால் எழாவிட்டாலா?”

“எழுந்து நடக்கவே முடியாத அளவுக்குச் சோர்வாக இருந்தால் என்று பொருள், பாட்டி.”

“அப்படிச் சொன்னால் புரிகிறது. சரி, இந்த மூன்றாவது வரி என்ன? நலமாக இருந்தால் மாத்திரை எதற்கு? ‘நலமானால் நிறுத்திவிடலாம்’ என்றுதான் எழுதியிருப்பார். நீ மாற்றி எழுதிவிட்டாய். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டால் நானும் மாத்திரையை விட்டுவிடுகிறேன்.”

பேத்தி சீட்டை மறுபடியும் பார்த்தாள். அந்த வரியில் ‘இஃப்’ என்பதற்கு முன்னால் ‘ஈவன்’ என்றொரு சிறிய சொல் இருந்தது. எழுதும் விரைவில் அதை அவள் விட்டிருந்தாள்.

“நிறுத்தக் கூடாது, பாட்டி! நலமானாலும் ஐந்து நாள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நான் ஓர் ‘உம்’மை விட்டுவிட்டேன்.”

“பார்த்தாயா! அந்த ஓர் ‘உம்’மை நம்பித்தான் மூன்று நாள் மாத்திரை இருக்கிறது” என்று சிரித்தார் பாட்டி. பிறகு முதல் வரிக்கு வந்தார். “சாப்பிட முடிந்தால் உணவுக்குப் பின் மாத்திரை. சரி. முடியாவிட்டால்?”

சீட்டில் அதற்கு விடை இல்லை. தானாக ஒன்றைச் சொல்லப் பேத்தி விரும்பவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். அம்மா மருத்துவரைக் கேட்டார். “முழுச் சாப்பாடு முடியாவிட்டால், கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். கஞ்சியும் முடியாவிட்டால் அழைத்து வாருங்கள்” என்று விடை வந்தது.

பேத்தி புதிய தாளில் எழுதி ஒட்டினாள்.

1. சாப்பிட முடிந்தால், உணவுக்குப் பின் மாத்திரை. முடியாவிட்டால், கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை. அதுவும் முடியாவிட்டால், மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
2. நடக்க முடியாத அளவுக்குச் சோர்வாக இருந்தால், தனியே இருக்கக் கூடாது.
3. உடம்பு நலமானாலும், ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
4. மூச்சு விடச் சிரமமாக இருந்தால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
5. தேவைப்பட்டால், ஆவி பிடிக்கலாம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் பாட்டி தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டார்.

சொற்பொருள்

சீட்டு – எழுதித் தரும் சிறு தாள்
ஆவி பிடித்தல் – கொதிநீரின் ஆவியை முகர்தல்
சிரமம் – துன்பம், கடினம்
நிதானமாக – விரைவின்றி
ஆயத்தம் – அணியமாக இருத்தல், தயார்

இலக்கணம் அறிவோம்

1. நிபந்தனை எங்கே நிற்கிறது?

ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் தனிச்சொல் நிபந்தனைத் தொடரின் முன்னே நிற்கிறது. இந்தியில் ‘அகர்’ முன்னே நிற்க, அடுத்த தொடர் ‘தோ’ என்று தொடங்குகிறது. தமிழில் நிபந்தனைக்குத் தனிச்சொல் தேவையில்லை. அது வினையின் இறுதியில் ‘ஆல்’ என்னும் ஈறாக நிற்கிறது. வினையின் இறந்தகால வடிவத்தோடு இந்த ஈறு சேரும்.

வா – வந்தான் – வந்தால்
படி – படித்தான் – படித்தால்
கேள் – கேட்டான் – கேட்டால்
செல் – சென்றான் – சென்றால்
போ – போனான் – போனால்
ஓடு – ஓடினான் – ஓடினால்

வடிவம் இறந்தகாலமாயினும் பொருள் இறந்தகாலம் அன்று. ‘நாளை மழை பெய்தால் விளையாட்டு இல்லை’ என்பதில் மழை இன்னும் பெய்யவில்லை. மேலும், இந்த வடிவம் இடத்திற்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதில்லை. நான் வந்தால், நீ வந்தால், அவர்கள் வந்தால் என எங்கும் ஒன்றே.

பெயர்ச்சொல்லோடு சேரும் ‘ஆல்’ வேறு. ‘மழையால் ஆட்டம் நின்றது’ என்பதில் உள்ள ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. அது காரணத்தைச் சொல்கிறது. ‘மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்’ என்பதில் உள்ள ‘ஆல்’ வினையோடு சேர்ந்து நிபந்தனையைச் சொல்கிறது.

2. பெயரடையும் ‘ஆலும்’

ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்பதை அடுத்துப் பெயரடையை மட்டும் வைத்து நிறுத்திவிடலாம். ‘இஃப் நெசஸரி’, ‘இஃப் பாசிபிள்’ என்பன அப்படிப்பட்டவை. இடையில் வர வேண்டிய ‘இட் இஸ்’ என்பது மறைந்து நிற்கிறது. தமிழில் ‘நல்ல’, ‘பெரிய’ போன்ற பெயரடைகளோடு ‘ஆல்’ நேரே சேராது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: ‘ஆக’ என்னும் ஈற்றோடு ‘இருந்தால்’ சேர்த்தல். சூடாக இருந்தால், சோர்வாக இருந்தால், தூய்மையாக இருந்தால்.

இரண்டாம் வழி: ‘ஆனால்’ சேர்த்தல். உண்மையானால், நலமானால், தேவையானால். இங்கு வரும் ‘ஆனால்’, ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து பிறந்த நிபந்தனை. ‘படித்தான், ஆனால் எழுதவில்லை’ என்பதில் வரும் இடைச்சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் வழி: பெயரடையை விட்டு வினையையே ஆளுதல். ஆங்கிலம் ‘இஃப் யூ ஆர் ஹங்ரி’ என்று பெயரடையால் சொல்வதைத் தமிழ் ‘பசித்தால்’ என்று ஒரே வினையால் சொல்லிவிடும். ‘இஃப் பாசிபிள்’ என்பது ‘முடிந்தால்’. ‘இஃப் நெசஸரி’ என்பது ‘தேவைப்பட்டால்’. ஏற்ற வினை இருக்குமிடத்தில் இந்த மூன்றாம் வழியே பெரும்பாலும் இயல்பானது. ‘தேவையாக இருந்தால்’ என்பதில் பிழை இல்லை. எனினும் ‘தேவைப்பட்டால்’ என்பது சுருக்கமும் தெளிவும் உடையது.

3. ‘டு’ சேர்ந்த வினையும் ‘செய’ என்னும் எச்சமும்

ஆங்கிலத்தில் ‘டு ரீட்’, ‘டு கோ’ என வினையின் முன்னே ‘டு’ வரும். தமிழில் அதற்கு இணையாகப் பல இடங்களில் வருவது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம்: படிக்க, போக, நடக்க, மூச்சு விட. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழியில் ‘ஊர’ என்பது இவ்வெச்சமே. அங்கு அது ‘ஊர்வதனால்’ என்று காரணப் பொருள் தருகிறது. ஆகவே இவ்வெச்சத்திற்கு ஒரு பொருள் மட்டுமே உண்டு என்று கொள்ளக் கூடாது.

பெயரடையும் இவ்வினையும் நிபந்தனையும் ஒரே தொடரில் கூடும்போது ஓர் ஒழுங்கைக் காணலாம்.

ஆங்கிலம்: இஃப் – ஈஸி – டு ரீட்
தமிழ்: படிக்க – எளிதாக – இருந்தால்

ஆங்கிலம்: இஃப் – ரெடி – டு கோ
தமிழ்: புறப்பட – ஆயத்தமாக – இருந்தால்

ஆங்கிலத்தில் முதலில் நிற்பது தமிழில் இறுதியில் நிற்கிறது; இறுதியில் நிற்பது முதலில் வருகிறது. இவ்வகைத் தொடரைத் தமிழில் எழுதும்போது கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கினால் அடுக்கு தானே சரியாகும்.

எனினும் எல்லாத் தொடர்களும் இவ்வாறு திரும்பிவிடுவதில்லை. மூன்று வகைகளைத் தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

(அ) ‘டூ வீக் டு வாக்’ என்பதில் ‘இல்லை’ என்று பொருள்படும் சொல் எதுவும் இல்லை. ஆயினும் அதன் பொருள் எதிர்மறை. நடக்க முடியாது என்பதே அது. தமிழ் அந்த எதிர்மறையை வெளிப்படையாகச் சொல்லும்: ‘நடக்க முடியாத அளவுக்குச் சோர்வு’. பாட்டிக்கு இரண்டாம் வரி புரியாமல் போனதற்குக் காரணம் இதுவே.

(ஆ) ‘இஃப் ஏபிள் டு ஈட்’ என்பதில் உள்ள பெயரடைக்குத் தமிழில் வினையே உரியது. ‘சாப்பிட முடிந்தால்’ என்று சொன்னால் போதும்.

(இ) ‘இட் வுட் பி நைஸ் டு ஸீ யூ’ என்னும் தொடரில் ‘இஃப்’ இல்லை. ஆனால் நிபந்தனை உள்ளே இருக்கிறது. தமிழ் அதை ‘ஆல்’ கொண்டு சொல்லும்: ‘உங்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும்’. அவ்வாறே, ‘கேட்பது நல்லது’ என்பது எல்லார்க்கும் உரிய பொது அறிவுரை. ‘நீங்கள் ஒருமுறை கேட்டால் நல்லது’ என்பது ஒருவரிடம் மென்மையாக வைக்கும் வேண்டுகோள்.

4. ‘ஆல்’ – ‘ஆலும்’

‘நலமானால் நிறுத்தலாம்’ என்பதில் நலம் அடைவது நிறுத்துவதற்கு வழி ஆகிறது. ‘நலமானாலும் நிறுத்தக் கூடாது’ என்பதில் நலம் அடைந்தும் முடிவு மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஈவன்’ என்னும் தனிச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் ‘உம்’ செய்கிறது. அறிவிப்பு, விதிமுறை, மருந்துக் குறிப்பு ஆகியவற்றைப் படிக்கும்போது ‘ஆல்’ என்பதன் பின் ‘உம்’ இருக்கிறதா என்று பார்த்த பின்பே பொருள் கொள்ள வேண்டும்.

5. மறுபக்கம்

‘ஆல்’ நிபந்தனையின் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறது. மறுபக்கத்தை ‘ஆவிட்டால்’ சொல்லும்: சாப்பிட்டால் – சாப்பிடாவிட்டால், முடிந்தால் – முடியாவிட்டால், இருந்தால் – இல்லாவிட்டால். ஒரு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மறுபக்கத்தை ஊகித்துக்கொள்வது எப்போதும் சரியாகாது. அறிந்தவரைக் கேட்பதே முறை. பேத்தி அம்மாவை அழைத்தது அதனால்தான்.

6. நடவாதது

நடக்க வேண்டியது நடவாமல் போனதைச் சொல்ல ‘இருந்தால்’ துணைநிற்கும். ‘படித்தால் தேர்ச்சி பெறுவான்’ என்பதில் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. ‘படித்திருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பான்’ என்பதில் வாய்ப்பு முடிந்துவிட்டது. அவன் படிக்கவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

7. ஐயமும் உறுதியும்

ஆங்கிலத்தில் நடக்குமோ நடக்காதோ என்னும் ஐயத்திற்கு ‘இஃப்’, கட்டாயம் நடப்பதற்கு ‘வென்’ என இரு சொற்கள் உண்டு. தமிழின் ‘ஆல்’ இரண்டு இடத்திலும் வரும். ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்னும் பழமொழியில் தை பிறக்குமா என்னும் ஐயம் யாருக்கும் இல்லை. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்பதில் கூடி வாழ்வது நம் கையில் இருக்கிறது. ஐயம் இல்லை என்பதைத் தெளிவாக உணர்த்த வேண்டிய இடத்தில் ‘வரும்போது’, ‘வந்ததும்’ என எழுதலாம். பயணச்சீட்டு எடுத்துவிட்ட தாத்தாவுக்கு ‘நீங்கள் வந்தால் கோயிலுக்குப் போகலாம்’ என்று எழுதுவதைவிட, ‘நீங்கள் வரும்போது கோயிலுக்குப் போகலாம்’ என்று எழுதினால், அவர் வரவை எதிர்பார்த்திருப்பது தெரியும்.

8. பணிவு

‘இஃப் யூ வான்ட் டு கம், ப்ளீஸ் கம்’ என்பது ஆங்கிலத்தில் இயல்பான அழைப்பு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘வர வேண்டுமென்றால் வாருங்கள்’ என்று பெரியவரிடம் சொன்னால், ‘வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி’ என்னும் அலட்சியம் அதில் ஒலிக்கும். ‘முடிந்தால் வாருங்கள், நீங்கள் வந்தால் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி’ என்பதே தமிழ் மரபு. முதல் ‘ஆல்’ அவருடைய வசதியை மதிக்கிறது. இரண்டாம் ‘ஆல்’ அழைப்பவரின் விருப்பத்தைத் தெரிவிக்கிறது.

9. பழைய வடிவம்

பழைய நூல்களில் ‘ஆல்’ இருக்கும் இடத்தில் ‘இன்’ மிகுதியாக வரும்: செய்தால் – செயின், வந்தால் – வரின், பெற்றால் – பெறின். ‘செயின்’, ‘செய’ ஆகிய இரண்டு வாய்பாடுகளும் தொல்காப்பியத்தின் வினையெச்ச வரிசையிலேயே உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் 12 வினையெச்ச வாய்பாடுகளைக் கூறி, ‘செயின்’ என்பதை எதிர்காலத்திற்கு உரியதாக வகுக்கிறது. இன்றும் விண்ணப்பங்களிலும் அறிவிப்புகளிலும் ‘தேவைப்படின்’, ‘தவறின்’, ‘இல்லையெனில்’ என்னும் வடிவங்களைக் காணலாம்.

நினைவில் கொள்க

• தமிழில் நிபந்தனை வினையின் இறுதியில் நிற்கும்.
• பெயரடைக்கு ஈடான வினை இருந்தால் வினையையே ஆள்க.
• மறைந்திருக்கும் எதிர்மறையை வெளிப்படையாக எழுதுக.
• ‘உம்’ இருக்கிறதா என்று இருமுறை பார்க்க.

பயிற்சிகள்

அ. வினாக்களுக்கு விடை எழுதுக.

1. பாட்டி சீட்டைத் தமிழில் எழுதித் தரச் சொன்னது ஏன்?
2. மூன்றாம் வரியில் ‘உம்’ விடுபட்டதால் என்ன நேர்ந்திருக்கும்?
3. ‘முடியாவிட்டால்?’ என்று பாட்டி கேட்டபோது பேத்தி தானாக விடை சொல்லாதது சரியா? காரணம் தருக.

ஆ. பொருத்தமான வடிவத்தால் நிரப்புக.

1. தேநீர் மிகவும் ______, ஆற்றிக் குடி. (சூடு)
2. மழை ______, பள்ளிப் பேருந்து நேரத்திற்கு வந்தது. (பெய்)
3. அடிமேல் அடி ______ அம்மியும் நகரும். (அடி)
4. நேற்றே ______, இன்று பயணச்சீட்டு கிடைத்திருக்கும். (சொல்)
5. அடையாள அட்டை ______, தேர்வறைக்குள் விடமாட்டார்கள். (இல்)

இ. தமிழ் மரபுக்கு ஏற்பத் திருத்தி எழுதுக.

1. பையைத் தூக்க மிகவும் கனமாக இருந்தால், என்னைக் கூப்பிடு.
2. நீங்கள் பசியுள்ளவராக இருந்தால், சாப்பிடுங்கள்.
3. அத்தை, உங்களுக்கு வர வேண்டுமென்றால் தீபாவளிக்கு வாருங்கள்.
4. நீ ஆயத்தமாக இருந்தால் புறப்பட, சொல்.

ஈ. பொருள் வேறுபாடு எழுதுக.

1. அழைத்தால் வருவேன் – அழைத்தாலும் வருவேன்
2. கேட்டால் கொடுப்பார் – கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்
3. வெயிலால் வாடியது – வெயில் அடித்தால் வாடும்

உ. ‘இன்’ ஈற்றை ‘ஆல்’ ஈறாக மாற்றுக.

தேவைப்படின், தவறின், கிடைக்கின், வரின்

செயல்பாடு

வீட்டில் உள்ள ஒரு மின்கருவியின் பயன்பாட்டுக் குறிப்பையோ, குடியிருப்பின் அறிவிப்புப் பலகையையோ எடுத்துக்கொள்க. அதில் ஆங்கிலத்தில் ‘இஃப்’ வரும் மூன்று தொடர்களைத் தேர்ந்து தமிழில் எழுதுக. எழுதியதை, தமிழ் மட்டுமே அறிந்த உறவினர் ஒருவருக்கு நேரிலோ தொலைபேசியிலோ படித்துக் காட்டுக. அவர் எந்தச் சொல்லில் நின்று விளக்கம் கேட்கிறாரோ, அந்தச் சொல்லை மாற்றி மீண்டும் எழுதுக. இரண்டு வடிவங்களையும் வகுப்பிற்குக் கொண்டு வருக.